நேரில் பார்த்ததுபோல் இருந்தது

பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தி மார்க் போடுகிற ஒரு மென்பொருளுக்கு, கட்டுரையின் அடியில் வரும் குறிப்புகளை எழுதிக்கொடுப்பதுதான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் என் வேலை. முதலில் தட்டிக்கொடுக்க வேண்டும், பிறகு வலிக்காமல் குட்ட வேண்டும், கடைசியில் மறுபடி தட்டிக்கொடுக்க வேண்டும். இது ஆபீஸ் சட்டம். எந்தக் குறிப்பு எந்தப் பிள்ளைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது. முகம் தெரியாத பிள்ளைகளை நாள் முழுக்கக் கொஞ்சிவிட்டு, ஹைவே நெரிசலில் பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தால், என் பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசத் தெம்பு இருக்காது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னவர் கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறியிருக்க மாட்டார்.

போன வாரம், ஏழாவது படிக்கும் மகள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். கையில் ஒரு தாள். அம்மாவைப் பற்றி வகுப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதினார்களாம்.

"மிஸ் இதை ஷெரிக்கும், நிஜமாவே, படிச்சிருக்காங்கம்மா. சும்மா மார்க் போட்டு விடலை. நீயே பாரு."

தாளின் அடியில், டீச்சர் பெயருக்கு மேலே அச்சாகியிருந்தது: 'நீ எழுதியிருப்பவரை நேரில் பார்த்ததுபோல் இருந்தது.'

போன மழைக்காலத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கிக்கொண்டிருந்தபோது, கொட்டாவிக்கு நடுவே நான் எழுதிய வரி அது. அவள் பள்ளிக்கூடமும் அந்த மென்பொருளை வாங்கிவிட்டது போலிருக்கிறது.

சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொன்னால், மிஸ்ஸும் படிக்கவில்லை, ஒருத்தருமே படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தாளைத் திருப்பி நீட்டினேன்.

"நீயும் படி. படிக்காம நல்லாருக்குன்னு சொல்லிராதே, கேட்டியா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து படித்தேன். 'அம்மா வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். எதைக் காட்டினாலும் நல்லாருக்கு என்பாள். அதனால் இப்போதெல்லாம் நான் எதையும் காட்டுவதில்லை.' இப்படித்தான் போயிற்று கட்டுரை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

தட்டிக்கொடுக்கிற வரிகள் எத்தனையோ வாய் வரைக்கும் வந்தன. எல்லாம் ஆபீஸில் விற்றுவிட்டவை. பதிலுக்கு அழுகைதான் வந்தது.

அவள் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எழுதினதுல தப்பு உண்டோம்மா?"

"இல்லை," என்றேன். "ஒண்ணுகூட இல்லை."