ஒன்பது நாள் சந்திராஷ்டமம்

அரியலூரில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வசந்தம் வருவதை நான் வாலாட்டிக் குருவியை வைத்துத்தான் கணக்கிடுவேன். மார்கழிப் பனியில் துவைகல்லைச் சுற்றி வாலை ஆட்டியபடி ஓடும் அது, மாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், பிறகு வராது. அது போகிற சமயத்தில் குயில் தொண்டையைத் திறக்கும். சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி படிந்த வேப்பிலைகள் உதிர்ந்து, செம்பு நிறத்தில் கொழுந்து விடும். இதையெல்லாம் நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். தினமும் தாள் கிழிப்பதுதான் ஐந்தாம் வகுப்புக்காரியான எனக்கு வீட்டில் இருந்த ஒரே பதவி.

அந்த மாசியில் துணி காயப்போடும் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. நாரும் சருகும் சிலந்தி நூலுமாக, காற்றடித்தால் மெல்ல ஆடும். இரண்டு குஞ்சுகள் பொரிந்திருந்தன; இறகு முளைக்கவில்லை. அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்ததால், பந்தி போடக் கொல்லையில் சிமெண்டுத் தளம் போடுவதென்று முடிவாயிற்று. முதல் வேலை, அந்தக் கம்பியைக் கழற்றுவது.

"காலையில ஆளுங்களோட வந்துடறேன் சார்" என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா நாள்காட்டியைப் பார்க்காமல் எதையும் தொடங்கமாட்டார். தன் நட்சத்திரமான ரோகிணிக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருந்தால் சைக்கிளுக்குப் பஞ்சர்கூட ஒட்டமாட்டார். அன்று மாலை, அன்றைய தாளைக் கிழித்ததும், மறுநாள் தாளில் சந்திராஷ்டமம் என்ற இடத்தில் அச்சாகியிருந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பேனாவால் 'ரோகிணி' என்று எழுதினேன், அச்செழுத்தைப் போலவே. காலையில் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கொத்தனாருக்குப் போன் செய்து, "இன்னிக்கு வேணாம்ப்பா" என்றார்.

வெற்றி தந்த தைரியத்தில் தினமும் எழுதினேன். ஐந்தாம் நாள் அம்மா பொறுமை இழந்தார்.

"ஏங்க, ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு நாள்ல போயிடுது. ஒங்களுக்கு மட்டும் சந்திராஷ்டமம் பாய் போட்டுப் படுத்துக்கிச்சா?"

"காலண்டர்ல போட்டிருக்கு. நானா போட்டேன்?"

"அப்ப சம்பந்தி வூட்டுக்காரங்கள மண்ணுலயே ஒக்கார வைங்க!"

இரண்டு நாளில் முடியும் சங்கதி அது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் குஞ்சுகளுக்கு இறகு அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை.

ஏழாம் நாள் சித்தி என்னைச் செட்டிகுளத்தில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பஸ் பெரம்பலூரைத் தாண்டிய பிறகுதான் மறுநாள் தாளில் எழுதாமல் வந்தது உறைத்தது. மறுநாள் காலை மலைக்கோயிலுக்கு ஏறினோம். இந்நேரம் கம்பியைக் கழற்றியிருப்பார்கள் என்று ஒவ்வொரு படியிலும் தோன்றிக்கொண்டே இருந்தது. முருகனிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

மாலையில் வீடு வந்ததும் செருப்போடு கொல்லைக்கு ஓடினேன். கூடு ஆடிக்கொண்டிருந்தது. அன்றைய தாளை அப்பா கிழித்து எனக்காக ஜன்னலில் வைத்திருந்தார். பின்பக்கத்தில் எழுத வேண்டியதை எழுதி, பழைய தாள்கட்டோடு சேர்த்தேன். மறுநாளுக்கும் மறக்காமல் 'ரோகிணி' போட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை கூடு காலியாக இருந்தது. வேம்பின் புதுக்கொழுந்துகளுக்கு நடுவே இரண்டு குஞ்சுகளும் தள்ளாடிக்கொண்டிருந்தன. எனக்குப் பின்னால் வந்து நின்ற அப்பா, நாள்காட்டிப் பக்கமே போகாமல் போனை எடுத்தார்.

"நாளைக்கு வந்துடுப்பா. சந்திராஷ்டமம் முடிஞ்சிடுச்சு."

போன தை மாதம், வாலாட்டி எந்த வாரம் போனது என்று பார்ப்பதற்காக அந்தத் தாள்கட்டைப் பிரித்தேன். இத்தனை வருடங்களில் அவற்றின் பின்பக்கத்தைத்தான் படித்திருக்கிறேன். ஒரு தாள் நழுவித் தரையில் விழுந்து முன்பக்கத்தைக் காட்டியது. அந்த ஒன்பது நாள் தாள்களில் மற்ற எட்டையும் திருப்பிப் பார்த்தேன். எட்டிலும் என் குண்டு எழுத்து. அச்சைப் போல இல்லவே இல்லை. கீழே விழுந்த எட்டாம் நாள் தாளில் மட்டும் 'ரோகிணி' நீல மையில் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, என் ரேங்க் கார்டுகளில் அப்பாவின் கையெழுத்து சாய்ந்திருப்பதைப் போல.

அதன் பின்பக்கத்தில் நான் எழுதியிருந்தது: "கூடு அப்படியே இருக்கிறது. முருகனுக்கு நன்றி."