ஒற்றைக்கால் கிளாஸ்

கிளாஸின் விளிம்பில் நகத்தால் ஒரு சுண்டு. எழுந்த ஒலி தேய்ந்து தேய்ந்து காற்றோடு கலக்கும்வரை பாண்டுரங்கன் கண்ணைத் திறக்க மாட்டார். ஜமுனாமரத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாடு என்னும் மலையூருக்குக் கிளம்ப வேண்டிய ஜீப் அது. பின்னால் ரேஷன் மூட்டைகள், ஒரு கோழிக்கூடை, அவற்றுக்கு இடையில் எப்படியோ தங்களைச் செருகிக்கொண்ட மனிதர்கள். டிரைவரோ ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தியானத்தில் இருக்கிறார்.

"இன்னா பாண்டு, வண்டிய எடுக்கிறியா, மணியடிச்சிகினே இருக்கப்போறியா?" என்று கோழிக்கூடைக்குப் பின்னாலிருந்து கேட்கிறார் பக்கத்து வீட்டு ரங்கசாமி.

"இரு மாமா. சத்தம் இன்னும் உள்ள ஓடிகினு கீது."

"ஓடட்டும்பா. வண்டியும் கூடவே ஓடட்டும்."

கண்ணைத் திறந்து, கிளாஸை ஒருமுறை வெயிலுக்குக் காட்டி, அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் சாவி திரும்பும். மெல்லிய நீளக் காம்பு, கீழே வட்டமாக ஒரு பாதம், மேலே வாயகன்ற சின்னக் கிண்ணம். கறுப்பு வெள்ளைப் படங்களில் வில்லன் சோபாவில் சாய்ந்துகொண்டு, கதாநாயகனின் சொத்தை எப்படிப் பிடுங்கலாம் என்று யோசிக்கும்போது விரல்களுக்கு நடுவே சுழற்றுவானே, அந்த மாதிரி. ஊரில் இதற்கு 'ஒத்தக்கால் கிளாஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. பாண்டுரங்கன் மட்டும் மரியாதையாக, "பழங்காலத்து மாடல்" என்பார்.

மது வாடையே அறியாதவர் அவர். "குடிச்சிட்டு ஓட்னா வண்டி மலைக்கு மேல நிக்காதுங்க. அதுக்கும் மேல போய்டும்" என்று வானத்தைக் காட்டுவார். நாற்பத்தைந்து வயதில் அவருடைய மீசை அவரைவிட இளமையாக இருக்கிறது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவுக்கும் அவரே ஒரு பெயர் வைத்து, திரும்பும்போது அந்தப் பெயரைச் சொல்லி ஹாரன் அடிப்பார். 'மாமியா வளைவு' வந்தால் ஹாரன் சத்தம் சற்றுக் குறைவாக இருக்கும்.

போன் சிக்னல் கிடைக்கிற வளைவு ஒன்று இருக்கிறது. அங்கே ஜீப்பை நிறுத்துவது வழக்கம். பயணிகள் பிள்ளைகளுக்கும் சம்பந்திகளுக்கும் போன் போட்டு முடிப்பதற்குள் பாண்டுரங்கன் வீடியோ பார்த்துவிடுவார். எங்கோ ஒரு தேசத்தில், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் குலுக்குகிறான், வடிகட்டுகிறான், காம்பு வைத்த கிளாஸில் ஊற்றி ஒரு விரலால் நகர்த்திவிடுகிறான். பாட்டில்களில் என்ன இருக்கிறது என்பது பாண்டுரங்கனுக்கு ஒரு பொருட்டில்லை. அந்த ஒரு விரல் நகர்த்தலில்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

அப்படித்தான் அவர் வீட்டில் 'பார்' வந்தது. கழித்துப்போட்ட ஜீப்பின் பின்கதவைப் படுக்கவைத்து, கீழே செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு ஒரு மேடை. நம்பர் பிளேட்டை அவர் கழற்றவில்லை. பழைய ஜீப் சீட்டுகள் மரக்கட்டைகளின் மேல் ஏறி உயரமான ஆசனங்களாயின. பின்னால் கோயில் திருவிழா மிச்சத்தில் கிடைத்த சீரியல் விளக்கு. அலமாரியில் மலைத்தேன், நெல்லிக்காய்ச் சாறு, புளிக்கரைசல், எலுமிச்சை, சோடா. தானே கண்டுபிடித்த பானம் ஒன்றுக்குக் 'கொண்டை ஊசி' என்று பெயரிட்டிருக்கிறார். முதலில் இனிக்கும், அப்புறம் புளிக்கும், நாம் நிதானித்து உட்காருவதற்குள் ஊசிமிளகாய் ஒரே திருப்பாகத் திருப்பிவிடும்.

அவர் மனைவி செல்லிக்கு இந்த மூலை புளி கொட்டிவைக்கும் மூலை. புளி உலுக்கும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஊர்ல அவனவன் சரக்க அடிச்சிட்டு வூட்ட அடைச்சிகினு படுக்கிறான். இது சரக்கே இல்லாம வூட்ட அடைச்சி வெச்சிருக்குது" என்று கிணற்றடியில் அவள் சொன்னது அரை மணி நேரத்தில் ஜமுனாமரத்தூர் பஸ் நிலையம்வரை போய்விட்டது.

கடைசியில் அவளே ஒரு தீர்ப்பு வைத்தாள். "ஞாயித்துக்கெழம எங்க அக்கா வருது. அது உன் கிளாஸ்ல ஊத்தினத முழுசா குடிச்சிட்டு நல்லாகீதுன்னு சொல்லிட்டா, உன் பாரு இங்கயே இருக்கட்டும் மாமா. இல்லன்னா புளி."

அடிவாரத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அந்த அக்கா மங்கம்மாள் எதையும் நல்லாயிருக்கிறது என்று சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. இருந்தாலும் பாண்டுரங்கன் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஏற்கெனவே இருந்த ஒற்றைக் கிளாஸ், எப்போதோ பழைய சாமான்காரரிடம் வாங்கியது. பாதத்தில் கீறல் உள்ளது. அதை வைத்துக்கொண்டு மங்கம்மாளை எதிர்கொள்வதா? புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வேலூருக்கு இறங்கினார்.

பஜாரில் கண்ணாடி சாமான் கடை வைத்திருக்கும் மோகன், முதலில் தொழில்முறையாகத்தான் கேட்டார். "எந்தச் சரக்குக்குன்னு சொல்லுங்க சார், அதுக்கு ஏத்தாப்போல எடுத்துத் தர்றேன்."

"நெல்லிக்கா சாறுக்கு."

மோகன் அலமாரிப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "நெல்லிக்கா சாறுக்கு காம்பு இன்னாத்துக்குங்க?"

"கை சூடு சாறுக்குப் போகக்கூடாது இல்ல? அப்பால, கையில புடிச்சா மனுசன் கொஞ்சம் நிமுந்து உக்காருவான். டம்ளர வெச்சிகினு எப்பிடி வேணும்னாலும் உக்காரலாம். இத வெச்சிகினு கூன் போட முடியாது, நீங்களே புடிச்சிப் பாருங்க."

மோகன் பிடித்துப் பார்த்தார். தன்னையறியாமல் நிமிர்ந்தார். அதன்பிறகு கடையில் இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டார்.

சோதனைகள் நடந்தன. ஒவ்வொன்றையும் சுண்டிக் கேட்டார், வாசல் வெளிச்சத்தில் தூக்கிக் குமிழி தேடினார். பிறகு வளைவுச் சோதனை. கிளாஸில் தண்ணீர் நிரப்பிக் காம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கை மறுகையால் ஒடித்து, இடதும் வலதுமாக உடம்பைச் சாய்த்தார். குக்கர் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். "லாரி வருது லாரி வருது" என்று ஒருவர் கத்த, பாண்டுரங்கன் நிஜமாகவே ஒதுங்கினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கைதட்டினார்கள்.

மூன்று மாதிரிகளில் ஒவ்வொன்று வாங்கினார். தேறுவதில் அரை டஜன் பிறகு வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஒன்று வாயகன்றது, நிலவைக் கிடத்தி அதற்கு ஒரு கால் வைத்ததுபோல. இரண்டாவது புனல். மூன்றாவது வாய் குறுகி, மல்லிகை மொட்டுப்போல மேலே கூம்பியது. அவர் மனம் முதல் பார்வையிலேயே அகன்றதன்மேல் விழுந்துவிட்டது. எதையும் மோகனைப் பொட்டலம் கட்ட விடவில்லை. மூன்றையும் தானே கொண்டுவந்திருந்த சாமை மூட்டைக்குள் புதைத்தார். "சாமைக்குள்ள கோழிமுட்டைய வெச்சி மலையில உருட்டினாலும் ஒடையாதுங்க" என்றார்.

அன்றைக்கு ஜீப் மலையேறிய வேகத்தைப் பற்றி ரங்கசாமி இன்றும் பேசுவார். "நடந்து போன சனமெல்லாம் வூட்டுக்குப் போயி, சோறு துன்னு, கைகழுவ வெளிய வந்து எங்களப் பாத்து கை காட்டிச்சி."

ஞாயிறு வந்தது. மங்கம்மாளும் வந்தாள், வாடாமல்லி நிறப் புடவையும் கறாரான முகமுமாக. சீரியல் விளக்கு ஓடியது. ரங்கசாமி அழைக்காமலே முதல் ஆசனத்தில் ஏறியிருந்தார். வாசலில் செல்லி புளிக்கூடையைத் தயாராக வைத்திருந்தாள். பாண்டுரங்கன் சட்டைக்கு மேல் கறுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தார். குலுக்கினார், வடிகட்டினார், அகன்ற கிளாஸில் கொண்டை ஊசியை ஊற்றி, ஒரே ஒரு விரலால் மங்கம்மாளை நோக்கி நகர்த்தினார். மாதக்கணக்காக ஒத்திகை பார்த்த நகர்த்தல் அது. கிளாஸ் சரியாக அவள் முன்னால் போய் நின்றது.

"இதுக்குள்ள அது கிது இல்லியே தம்பி?"

"ஐயோ அக்கா! தேனு, நெல்லிக்கா, மொளவா. அவ்ளோதான்."

மங்கம்மாள் காம்பைத் தீப்பந்தம்போல இறுகப் பிடித்தாள். அடுத்தவர் வீட்டில் மானமுள்ள மனுஷி எப்படிக் குடிப்பாளோ அப்படியே, உதடு படாமல், தலையை அண்ணாந்து, கிளாஸை உயரத் தூக்கிக் கவிழ்த்தாள்.

மதகு திறந்துவிட்டதுபோலானது. வாய்க்கு வந்தது கொஞ்சம். மற்றதெல்லாம் மூக்கு, மோவாய், காதோரம், வாடாமல்லி என்று வழிதேடி ஓடியது. ஊசிமிளகாய் கண்ணைத் தொட்டது. மங்கம்மாள் போட்ட தும்மலில் கொட்டகையிலிருந்த ஆடு பதில் கொடுத்தது.

பாண்டுரங்கன் அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டார். கடையில் சத்தம் பார்த்தார், வெளிச்சம் பார்த்தார், வளைவுகூடப் பார்த்தார். குடித்துப் பார்க்கவில்லை, பழைய கிளாஸில்கூட. இந்த மலையில் இருப்பது எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஜனம், தானும் அதில் ஒருத்தன், என்பது வேலூர் பஜாரில் எப்படி மறந்துபோனது?

"ஆளுக்கேத்த கிளாஸ் வேணும்பா, நான் பாக்குறேன்" என்று ரங்கசாமி புனலை எடுத்தார். அது இரண்டு அருவியாகப் பிரிந்து மீசையின் இரு நுனியிலும் இறங்கியது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மங்கம்மாளே ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் சிரித்தாள். பிறகு மொட்டு. குறுகிய வாயிலிருந்து நூல்போல ஒரு தாரை நேராக ரங்கசாமியின் தொண்டைக்குள் இறங்கியது. சொட்டுக்கூடக் கீழே இல்லை.

"இதான்டா கிளாஸ்!" என்றார் அவர். "இன்னா, காக்காவுக்கு வெச்ச தண்ணியாட்டம் கொஞ்சமா கீது. ஆனா இதான்."

மொட்டு என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். "நீ சொல்லுக்கா, நல்லாகீதா?" என்று செல்லி கேட்டாள்.

"எனக்கு வாயில எங்க போச்சி, சொல்றதுக்கு? கண்ணுலதான் நல்லா எரியுது" என்றாள் மங்கம்மாள்.

வாக்கு வாக்குதான். பாண்டுரங்கன் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். "சரி, வாங்கினா மொட்டே வாங்கிக்கலாம். அதுக்கு மொதல்ல புளிய வெச்சிடலாம்" என்று பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். அகன்ற கிளாஸை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் கையால் அதன் விளிம்பைத் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்திருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

செல்லி புளிக்கூடையைத் தூக்கப் போனவள் நின்றுவிட்டாள். திரும்பி வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஜீப் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த அகலத்துல ஊத்து."

"மேல கொட்டிக்குமே புள்ள."

"ஊத்து மாமா, சொல்றேன் இல்ல."

ஊற்றினார். விரலால் நகர்த்த மறந்துபோய் இரண்டு கையாலும் கொடுத்தார். செல்லி காம்பைப் பிடித்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது. தலையை அண்ணாந்துகொள்ளவில்லை. கிளாஸை மெல்லத் தாழ்த்திக் கொண்டுவந்து, அக்காவும் ஊரும் பார்க்க, உதட்டில் வைத்து உறிஞ்சினாள்.

"ஏய் செல்லி! எச்சி பண்ணிட்டியேடி!" என்றாள் மங்கம்மாள்.

"என் வூட்டு கிளாஸு, நான் எச்சி பண்றேன்" என்ற செல்லி இன்னொரு வாய் உறிஞ்சினாள். மிளகாய் திரும்பியதில் கண்ணில் நீர் முட்டியது. "நல்லாத்தான் கீது. இதுலயே அர டஜன் வாங்கு. புளி ஜீப்பு கொட்டாயில கெடக்கட்டும்."

பாதி மீதமிருந்த கிளாஸை அவள் மேடைக்கு மேல் நீட்டினாள். பாண்டுரங்கன் வாங்கி, பழக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்தார். கிளாஸ் நெற்றிவரை உயர்ந்தது. அங்கேயே நின்றது. பிறகு தலை நிமிர்ந்தது, கை இறங்கியது. ரங்கசாமி தும்மலை அடக்குகிறவர்போல எங்கோ பார்க்க, மங்கம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொள்ள, அவர் காம்பை இரண்டு விரலால் உருட்டி, செல்லியின் உதடு பட்டு ஈரமாக இருந்த பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.