ஒச்சப்பன் இளைத்த கதை

என் வீட்டுக்காரர் ஒச்சப்பன் உசிலம்பட்டியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு மூட்டை தூக்க வந்தவர். பஜார் ரோட்டு அரிசிக் குடோனில் இருபது வருஷம் முதுகில் சுமந்தார். சாப்பாடும் அதற்கேற்ற மாதிரிதான், தட்டில் குத்தரிசிச் சோறு குவிந்து கிடக்கும். முட்டி தேய்ந்ததும் எடை போடும் வேலைக்கு மாறினார். தூக்குவது நின்றது, தின்பது நிற்கவில்லை. சர்க்கரை வந்து சேர்ந்தது.

"சேட்டா, இப்ப திங்கிறதுல பாதி போதும். சோறு ஒரு டம்ளர். காயும் மீனும் குறைக்க வேண்டா. மாசாமாசம் வந்து காட்டணும், கேட்டோ?" என்றார் தன்யா டாக்டர், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக.

மனுஷன் சரியான பிடிவாதக்காரர். முதல் வாரம் பசியில் என் மேல் எரிந்து விழுந்தார். அப்புறம் பழகிவிட்டது. நாலு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தார். சர்க்கரை இறங்கியது, ஒரு மாத்திரையை டாக்டரே நிறுத்தினார். குறட்டை போயிற்று. "பாத்தியாடி, மாடிப்படி ஏறுறேன், மூச்சு வாங்கல" என்று இளவட்டம் மாதிரி சிரிப்பார்.

அந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கத்தில் ஆளைப் பார்த்ததும் "என்ன இப்படி இளைச்சிட்ட?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆம்பளை இளைத்தால் பழி பொண்டாட்டிக்கு. பந்தியில் அத்தனை பேர் முன்னால் என் நாத்தனார் கற்பகம் கேட்டாள். "ஏத்தா, எந்தம்பிக்குச் சோறு போடுறியா இல்லையா? வீட்ல பொம்பள இருக்குற லட்சணமா இது?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல ஆகிவிட்டது. கொச்சிக்குத் திரும்பியதும் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவர் சாயங்காலம் குடிக்கும் கீரை சூப்பில் பச்சரிசி மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றினேன். சப்பாத்தி மாவில் மைதாவும் நெய்யும் பிசைந்தேன். "இன்னிக்கு என்ன, ருசியா இருக்கு?" என்பார். "கை பழகிப்போச்சு" என்பேன். கன்னம் மறுபடி உப்பியது. எனக்கு நிம்மதி. பாவி, நிம்மதியாகத் தூங்கினேன்.

சர்க்கரை ஏறியது. "சேட்டா, ஒளிச்சு எதாவது திங்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "எம்பிள்ளைக மேல சத்தியமா இல்ல தாயி" என்று இவர் கும்பிட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை கூடியது, ஊசி வந்தது.

அன்றைக்கே பத்தியத்தை விட்டுவிட்டார். "நம்ம ஒடம்பு அவ்வளவுதான். பட்டினி கெடந்ததுதான் மிச்சம். சோத்தப் போடு" என்றார். போட்டேன். சொல்ல நாலு தடவை வாயெடுத்திருப்பேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன தை மாதம் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள்.

போன வாரம் கட்டு மாற்றப் போயிருந்தோம். குடோனில் இவரோடு மூட்டை தூக்கிய அப்பு, டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டோடு வெளியே வந்தார். அவருக்கும் சர்க்கரையாம். இவர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் சும்மா அப்பு. நான் வயித்தக் கட்டி இருந்து பாத்துட்டேன். ஒண்ணும் நடக்காது. நல்லாத் தின்னு."

அப்பு சீட்டை மடித்துக் கசக்கினார்.

"அய்யோ, அவரு சொல்றதக் கேக்காதீங்க! அவருக்கு நல்லாத்தான் கொறஞ்சிச்சு. சூப்புல நாந்தான் மாவக் கரச்சேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஒச்சப்பன் திட்டவில்லை. எல்லார் முன்னாலும் இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கியிருப்பேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"அப்ப, என் ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.