சாவு வீட்டில் கேலி பேசியவர்

இதை எழுதலாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். சாவு வீட்டில் கேலி பேசிய கதையை எழுதினால் சாமி முருகன் என்ன நினைப்பானோ என்று பயம். போன வாரம் இங்கே ரங்கூனில், பபேடான் பேட்டையில் ஒரு துக்க வீடு. வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, செத்தவர் பேரை மறந்தும் சொல்லாமல் எழுந்து போனார்கள். டீ போட்ட அடுப்பிலிருந்து கரிப்புகை. அந்த வாசனைக்கு எனக்கு ஜூமா ஞாபகம் வந்துவிடும்.

என் இருபது வயதுகளில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். தூக்கினேன் என்று பெருமையாகச் சொல்கிறேன். பாதி நேரம் மூட்டைதான் என்னைத் தள்ளிக்கொண்டு போகும். ஜூமா சான்சிபார் பக்கத்து ஆப்பிரிக்கர், கப்பல் உலையில் கரி தள்ளுகிறவர். காய்ச்சல் என்று கப்பல்காரர்கள் இறக்கிவிட்டுப் போக, எங்கள் கொட்டகையில் தங்கி, ஊருக்குப் போகும் கப்பலுக்குக் காத்திருந்தார்.

அவர்கள் நாட்டில் ஒரு முறை உண்டாம். ஒரு கூட்டத்தாருக்கு இன்னொரு கூட்டத்தார் கேலிக்காரர்கள். என்ன கிண்டல் செய்தாலும் கோபிக்கக் கூடாது. நம் மாமன் மச்சான் கேலி மாதிரிதான். ஆனால் நம் கேலி சாவு வீட்டு வாசலோடு நின்றுவிடும். அவர்களுக்கு அங்கேதான் வேலையே. குழி வெட்டுவதும் அவர்கள்தான், செத்தவரைப் போல நடித்துக் காட்டுவதும் அவர்கள்தான். எங்களில் கருப்பையா அண்ணனைத்தான் ஜூமா கேலிக்கு வரித்துக்கொண்டார். "ஒன் மீசைய வித்தா கப்பல் கட்டலாம்" என்பார். "ஒன் தமிழக் கேட்டா கப்பலே முழுகிரும்" என்பார் அண்ணன்.

அண்ணனின் தம்பி சோலை படகிலிருந்து விழுந்து போய்விட்டான். எரித்துவிட்டு வந்தபின் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தார். பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. சோலை பேரை எடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை. இவரும் போய்விடுவார் என்றே நினைத்தோம்.

அப்போது ஜூமா சோலையின் கைலியை, அவனைப் போலவே மடித்துக் கட்டிக்கொண்டு, தோளைச் சாய்த்து நடந்து வந்து சோற்றுப் பானை அருகே உட்கார்ந்தார்.

"அண்ணே, கருவாட்டுத் தலை எனக்கு."

எங்கள் மேஸ்திரி கோபத்தில் ஜூமாவின் கழுத்தைப் பிடித்துவிட்டார். சுவர்ப்பக்கமிருந்து கரகரத்த குரல் வந்தது.

"விடுங்க அவன. தலையா கேப்பான் எந் தம்பி? நடுத்துண்டுதான் கேப்பான், திருட்டுப்பய."

அப்புறம் அழுதார் பாருங்கள், அதுவரை அழாத மனிதர். ஜூமா விடாமல் சோலையாகவே பேசப் பேச, திட்டினார், அழுதார், நடுவில் ஒரு தரம் சிரித்தார். பிறகு சாப்பிட்டார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று மேஸ்திரி கேட்டதற்கு ஜூமா, "நீங்க பேர ஒளிச்சு வெச்சீங்க. இவன் தனியா தேடுறான்" என்றார். அன்று முதல் துக்க வீடுகளில் செத்தவர் பேரை நான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

கப்பல் வருமுன் காய்ச்சல் திரும்பியது. அந்த மழைக்காலத்திலேயே ஜூமா போனார். அவரும் முஸ்லிம் என்பதால் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் முறைப்படி அடக்கம் செய்தார்கள். குழி வெட்டியது கருப்பையா அண்ணன். மண் தள்ளி முடிந்ததும் மழையில் நின்றபடி ஜூமாவின் குரலில் தன் மீசையையே கிண்டல் செய்தார். அழவும் சிரிக்கவும் ஜூமாவுக்குச் சொந்தம் யாருமில்லை. சொந்தமும் அண்ணனே, கேலிக்காரரும் அண்ணனே. பதிலுக்குத் திட்ட ஆளில்லாமல் பாதியில் குரல் நின்றுவிட்டது. நாங்கள் மரியாதையாகத் தலைகுனிந்து நின்றோம். மரியாதை அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

ஜப்பான் சண்டைக் காலத்தில் அண்ணன் கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பினார், தகவல் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் இன்று கடைகள். ஜூமாவின் குரலைப் பேசிக்காட்ட ஆளில்லை. எனக்கு அது வரவும் வராது.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவரை மகான் ஆக்கிவிடாதீர்கள். கரி தள்ளினார், கேலி பேசினார், பேர் ஜூமா. அவ்வளவுதான், அப்படியே சொல்லுங்கள்.