சுப்பம்மா கொட்டகையின் மாப்பிள்ளைகள்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று கொடகவெலப் பக்கம் அழகமுத்து என்று கேட்டால் என் ரப்பர்க் காணியைக் கைகாட்டுவார்கள். அப்படிப்பட்ட நானே மெச்சுகிற ஆள் என் அக்கா சுப்பம்மா.

தேயிலைச் சரிவில் விழுந்து அக்காவுக்கு முழங்கால் போயிற்று. கொழுந்துக்கூடையோடு இனி மலை ஏற முடியாது. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துத் தொரைக்குப் பட்டுப்புழு வளர்க்கும் ஆசை வந்தது. அக்காவுக்கு ஒரு கொட்டகை, மேல்லயத்து வீட்டுவரிசையில் இருந்த ராமச்சந்திரனுக்கு ஒரு கொட்டகை. அக்காவுடையதற்குக் கூரை போட்டவன் நான். ஒரு சொட்டு ஒழுகியதில்லை. யாருடைய முட்டை நன்றாகப் பொரிக்கிறதோ அந்தக் கொட்டகைதான் நிலைக்கும், மற்றவர் கொழுந்தெடுக்கப் போகவேண்டும் என்று தொரை சொல்லிவிட்டார்.

ராமச்சந்திரன் ஒரே தடவைதான் பொறுக்குவான். புழு கூடு கட்டி முடித்ததும் தராசில் வைத்துப் பார்த்து, கனத்த கூடுகளை மட்டும் முட்டையிட விதைக்கு வைப்பான். அக்கா அப்படியில்லை. ஒரே காலையில் பொரித்த குஞ்சுகளை வைத்துக்கொண்டு பிந்தியதை ஒதுக்குவாள். தோலுரிக்குமுன் ஒன்றாக உறங்கும் புழுக்களை அடுத்துப் பொறுக்குவாள். கடைசியில் கூட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். இறுக்கமாக இருந்தால் போதும். கனத்ததும் சேரும், இலேசானதும் சேரும்.

“புழுவுக்கு எத்தன தடவ பொண்ணு பாப்ப, தங்கச்சி?” என்பான் ராமச்சந்திரன்.

“நீங்க ஒரே தடவ பாத்துக் கட்டுன மதினி உங்கள என்ன பாடு படுத்துது, அண்ணே?”

பூச்சிகள் கூட்டைத் துளைத்து வெளியே வந்தன. ராமச்சந்திரன் தட்டு முழுக்கப் பருத்த பெண்பூச்சிகள். ஓர் ஆண் இல்லை. பெண் இருக்கும் கூடுதானே கனக்கும்? இலேசான ஆண்கூடுகளையெல்லாம் கழித்து, வெந்நீரில் போட்டு நூலெடுத்துவிட்டான். ஆண் சேராத முட்டை பொரிக்குமா?

தலையைச் சொறிந்துகொண்டு அக்காவிடம் வந்தான்.

“ரெண்டு மாப்பிள்ள கடனா குடு, தங்கச்சி.”

“என் மாப்பிள்ளைங்க வாசப்படி தாண்டாதுங்க. பொண்ணுங்களத் தூக்கிட்டு இங்க வாங்க. முழங்காலு இப்பிடி இருக்கு, மல்பெரித் தழை பறிச்சுப் போட எனக்கும் ஆளில்ல. பறிக்கிறீங்களா?”

“மலை ஏறுறதுக்கு இது மேலு,” என்றான்.

முறத்தில் பெண்பூச்சிகளை ஏந்தி அவன் முன்னே வர, லயத்துக்காரர்கள் தப்படித்துக்கொண்டு பின்னே வந்தார்கள். மதினி குலவை போட்டது. சத்தம் கேட்டு வந்த தொரை யாருக்குக் கல்யாணம் என்றார்.

முட்டையெல்லாம் ஒரே காலையில் பொரித்தன. கொட்டகை ஒன்றாயிற்று, ஆள் இரண்டாயிற்று. அதன்பின் அக்கா மலை ஏறவேயில்லை. அத்தனையும் நடந்தது நான் போட்ட கூரைக்குக் கீழே.