பாதியில் நிறுத்திய கொள்ளைநோய்க் கதை

ஊரடங்கில் கல்லூரி மூடியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வரலாறு படிக்கிறவள், பழைய ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோயைப் பற்றி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு குரல்பதிவு போட்டேன். எலி, தெள்ளுப்பூச்சி, கப்பல், பிணம் ஏற்றிய வண்டி. நவரை நெல் அறுப்பில் தெருக்காரர்கள் போனை வரப்பின் மேல் வைத்துவிட்டுக் கேட்டார்கள். "இன்னாம்மா, இன்னிக்கி எத்தினி பேர சாவடிக்கப் போற?" என்பாள் எதிர்வீட்டு அக்கா. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

நான்காம் நாள் இப்படி முடித்தேன்: "ஏன் சாவறோம்னே தெரியல. அப்பதான் ஊருக்கு ஊர் ஒரு பேச்சு கெளம்புச்சு. வேற மதத்துக்காரங்க கெணத்துல வெஷம் கலந்துட்டாங்களாம்! நெஜமா? நாளைக்கு சொல்றேன்."

டிவி தொடர் மாதிரி ஆவலைக் கிளப்பும் ஆசை. யூதர்கள் என்ற பெயரைக்கூட மறுநாளுக்கு ஒதுக்கி வைத்தேன். பாய்மார்களால்தான் கொரோனா பரவுகிறது என்று அந்த வாரம் முழுக்க வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

எங்கள் தெருவில் பம்புத் தண்ணீர் உப்பு. குடிக்க, உத்திரமேரூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் லோடு ஆட்டோவில் கேன் கொண்டுவருவார். காலி கேனை வாசலில் வைத்தால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். மறுநாள் காலை ஒரு வாசலிலும் கேன் இல்லை.

அக்காவிடம் ஓடினேன்.

"நீதான சொன்ன? கெணத்துலயே கலந்தாங்களாம், கேன்ல கலக்க இன்னா கஷ்டம்?"

"ஐயோ, அது பொய்யிக்கா! அவங்க ஒண்ணுமே பண்ணல. அவங்க ஜனமும்தான் செத்துது. அத இன்னிக்கி சொல்லலாம்னு..."

"நேத்தே சொல்றதுக்கு இன்னா கேடு? புள்ளைங்க கீற வூடு. நா உப்புத் தண்ணியே குடிச்சிக்கிறேன், போ."

உடனே மீதியைப் பதிவுசெய்து போட்டேன். அதற்குள் முந்தைய பதிவு பக்கத்து ஊர்க் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டிருந்தது. புதியதைச் சீண்ட ஆளில்லை.

பாய் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, இறக்காத கேன்கள் மேல் கைவைத்து நின்றிருந்தார். அவரே கூப்பிட்டார்.

"ஒங்கொரல்தானம்மா அது? எம்மச்சான் எனக்கே அனுப்பினான்."

"மன்னிச்சிடுங்க பாய். அது பாதிதான். பொய்யின்னு இன்னிக்கி போட்டுட்டேன்."

"சரி. அப்புறம் அவங்கள இன்னா பண்ணாங்க?"

வீட்டோடு வைத்துக் கொளுத்தினார்கள். காலையில் போட்ட பதிவில் அதைக் குரலை ஏற்றி இறக்கிச் சொல்லியிருந்தேன். அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

"ஊர வுட்டுத் தொரத்திட்டாங்க பாய்."

"அவ்ளோதானா?"

தலையாட்டினேன். அவர் ஆட்டோவைத் திருப்பினார். அதன்பிறகு எங்கள் தெருவுக்கு அவர் வரவில்லை.