மிமமொரு என்ற வினைச்சொல்

மாசி மாத நாட்குறிப்பில் ஒரு வியாழக்கிழமைக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறேன்: "பயிற்சி நேர்காணலில் தங்கை தவறினாள். காரணம், மிமமொரு என்ற ஜப்பானிய வினைச்சொல்."

நர்சிங் முடித்தவள் அவள். ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்காகத் திருப்பத்தூரில் தங்கி அந்த மொழியைப் படித்தாள். உண்மையான நேர்காணலுக்கு ஒரு வாரம் இருந்தது. தவறினால் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். சோர்ந்துபோய் மலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

பெரியவர் ஒருவர் சட்டைப் பொத்தான் போடத் திணறுகிறார், என்ன செய்வாய் என்று பயிற்சியில் கேட்டிருக்கிறார்கள். "நானே போட்டுவிடுவேன்" என்றாளாம். "இல்லை, மிமமொரு" என்றாராம் ஆசிரியை. அகராதியில் பார்த்தோம். கவனித்துக் காத்தல் என்றிருந்தது.

"காக்கறதுன்னா போட்டு வுடறதுதானே? சும்மா பாத்துகினு நின்னா நம்மூர்ல இன்னா சொல்வாங்க?" என்றாள்.

"கல்நெஞ்சுக்காரின்னுவாங்க."

"அப்ப எனக்கு அந்த வேலையே வேணாண்ணா."

ஞாயிற்றுக்கிழமை புளி உலுக்கினோம். உயரக் கிளையில் இருந்த அப்பா கால் வைக்க இடம் கிடைக்காமல் துழாவினார். பதறிப்போய் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். தங்கை என் கையைக் கிள்ளினாள். மரத்தில் இருப்பவரை எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் கூப்பிடமாட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பிடி நழுவும். கீழே இருப்பவர் கண்ணை எடுக்காமல் நிற்கவேண்டும். அவராகக் குரல் கொடுத்தால் ஓடவேண்டும்.

அப்பாவின் கால் ஒரு கிளைக் கவட்டையில் ஊன்றியது.

"இன்னா, ரெண்டு பேரும் செல மாதிரி நிக்கிறீங்க? பொறுக்குங்க!"

தங்கை பொறுக்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதாண்ணா அந்த மிமமொரு. கல்நெஞ்சா இருந்தா இப்டி கண்ணெடுக்காம நிப்பமா?"

உண்மையான நேர்காணலில் வேறு கேள்வி வந்தது: கை நடுங்கும் ஒரு மூதாட்டி தானே கஞ்சி குடிக்கப் பார்க்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து மிமமொரு செய்வேன், அவர் கேட்டால் கரண்டியை வாங்குவேன் என்றாள். ஏன் என்றார்கள். புளியமரத்தைச் சொன்னாள்.

தேர்வானாள் என்று செய்தி வந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். அப்பா, "அங்க போயும் சும்மா நிக்கத்தான் சம்பளமா?" என்று சிரித்தார். கவலை தீர்ந்து அன்றுதான் நாங்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அந்தப் பதிலால்தான் தேர்வானாள் என்பது தங்கையின் நம்பிக்கை. பயிற்சி நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன்; பதில் இல்லை. எனவே அது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.